வாடிக்கையாளரைத் தொடர்பு கொள்ள இயலவில்லை

1. அடுத்த ஆள்

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு செல்போன் கம்பெனியின் ஷோரூமில் நான் கவுன்ட்டர் பார்க்கிறேன். இருபது வருடத்துக்கு அருகில் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் அதற்கு முன்பு எல்லோரும் கழனி வேலைக்குப் போனவர்கள். ஏ.சி.யில் உட்கார்ந்து திட்டு வாங்கிய முதல் ஆள் நான்தான். புதிதாகக் கவுன்ட்டருக்கு வரும் பிள்ளைகள், "எப்படிக்கா கோபம் வராம உக்காந்திருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். கோபம் வரும். ஆனால் எதிரே இருப்பவர் எனக்கு முன்பே தொடங்கிவிடுவதால் என் முறை வருவதில்லை.

அந்தப் பிள்ளைகளுக்காக முனிரத்தினம் விஷயத்தை எழுதி வைக்கிறேன்.

அவர் முதல் தடவை வந்தபோது டோக்கன் எடுக்காமல் நேராக என் முன்னால் வந்து நின்றார். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். முகம் உப்பி, கால் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. டோக்கன் எடுக்கச் சொன்னேன். மறுபேச்சு பேசாமல் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். அதற்கே எனக்கு ஆச்சரியம். எங்கள் ஷோரூமில் டோக்கன் மெஷினைத் திட்டாமல் சீட்டு எடுப்பவர்கள் குறைவு.

அவர் முறை வந்தது.

"ஒரு கால் மிஸ் ஆயிடுச்சி மேடம்."

இதைவிடச் சின்னப் புகார் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"யார் கால் சார்?"

"ஆஸ்பத்திரி. நா எடுக்கலன்னுட்டு அடுத்த ஆளுக்குக் குட்த்துட்டாங்க."

"எதை?"

"கிட்னிய."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

அவர் கோபமே இல்லாமல் விவரம் சொன்னார். சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப் போய் வேலையை விட்டுவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். வீட்டில் கொடுக்க முன்வந்தவர்கள் யாருடையதும் பொருந்தவில்லை. அதனால் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து காத்திருக்கிறார். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் கிடைத்தால், பொருந்தக்கூடியவர்களுக்கு வரிசையாகப் போன் செய்வார்கள். எடுப்பவர் உடனே கிளம்பிப் போக வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த நம்பர்.

"எனுக்கு வந்திச்சி மேடம். ஊட்லதான் கீறேன். போன் பக்கத்துலயே கீது. அடிக்கல. காலீல டேசன் பக்கம் போனதும் உங்க மெசேஜ் வர்து, இன்னாருகிட்ட இருந்து கால் வந்துதுன்னு."

போனை வாங்கிப் பார்த்தேன். சிக்னல் நிறையக் கோடுகள். எங்கள் ஷோரூம் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் எங்கள் டவரே தெரியும்.

"இங்க ஃபுல்லா இருக்கு சார்."

"இங்க நா குடியில்லயே மேடம்."

அவர் வீடு ஆரம்பாக்கம் தாண்டி, ஏரிக்கு அந்தாண்டை ஒரு காலனி. அதற்குப் பிறகு ஆந்திரா. வீட்டில் சிக்னல் வருவதில்லை என்பதால் பகல் முழுக்க ஆரம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கே வருகிறது. சூளூர்பேட்டை வண்டியில் போகிறவர்கள் இவரும் வண்டிக்குக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, "லேட்டா?" என்று கேட்பார்களாம். ஆமாம் என்று சொல்லிவிடுவாராம்.

"ஊட்ல இருக்கசொல்ல போன் அடிக்கணும். அவ்ளோதான் மேடம்" என்றார்.

2. மூடப்பட்ட டிக்கெட்

வெளியே இருப்பவர்களுக்கு எங்கள் முறை தெரியாது. அதனால் சொல்கிறேன்.

'சிக்னல் இல்லை' என்று ஒருவர் வந்தால் நான் கம்ப்யூட்டரில் ஒரு டிக்கெட் போடுவேன். அது நெட்வொர்க் டீமுக்குப் போகும். அவர்கள் அந்த இடத்து டவரைப் பார்த்துவிட்டு சரியாக இருக்கிறது என்றோ, சரிசெய்துவிட்டோம் என்றோ எழுதுவார்கள். பிறகு இன்னொரு டீம் வாடிக்கையாளருக்குப் போன் செய்து, "உங்கள் குறை தீர்ந்ததா?" என்று கேட்கும். அவர் தீர்ந்தது என்றால் டிக்கெட்டை மூடுவார்கள். சில தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால், 'வாடிக்கையாளரைத் தொடர்பு கொள்ள இயலவில்லை' என்று எழுதி மூடுவார்கள்.

முனிரத்தினத்தின் குறை, அவர் போன் அடிப்பதில்லை என்பது. அது தீர்ந்ததா என்று அவருக்குப் போன் செய்தார்கள். போன் அடிக்கவில்லை. மூடிவிட்டார்கள்.

மறுபடி போட்டேன். மறுபடி மூடினார்கள். எங்கள் ஏரியா மேனேஜர் பிரசன்னா சார் ஷோரூமுக்கு வந்தபோது எடுத்துச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. சதவீதத்தில் மட்டும்தான் யோசிப்பார்.

"சார், போன் வேலை செய்யலைங்கறவருக்கு போன் பண்ணி சரியாச்சான்னு கேக்கறோம்."

"ப்ராசஸ் அப்படித்தான்மா."

"அவர் எடுக்கலைன்னா சரியாகலைன்னுதானே சார் அர்த்தம்?"

"எடுக்கலைன்னா கஸ்டமர் கோஆப்பரேட் பண்ணலைன்னு அர்த்தம்."

அவர் சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை.

மூன்றாம் தடவை டிக்கெட் போடும்போது குறிப்புப் பகுதியில் தெளிவாக எழுதினேன்: 'பகலில் ஸ்டேஷனில் இருப்பார், அப்போது கூப்பிடவும்.' ஆச்சரியமாக யாரோ அதைப் படித்துவிட்டார்கள். பகலில் கூப்பிட்டார்கள். அடுத்த நாள் டிக்கெட் மூடியிருந்தது. காரணம், 'குறை தீர்ந்தது.'

முனிரத்தினம் வந்தபோது கேட்டேன். "தீர்ந்துச்சுன்னா சொன்னீங்க?"

"இல்ல மேடம். நா பேசறது கேக்குதான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சி. கேக்குதுன்னேன். நன்றின்னு சொல்லி வெச்சிடுச்சி. நல்லாதான் கேட்டுச்சி மேடம், எப்பிடிப் பொய் சொல்றது?"

நானே கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். பலரும் நம்ப மாட்டார்கள். கவுன்ட்டரில் இருக்கும் எங்களுக்கென்று தனி நம்பர் கிடையாது. நீங்கள் கூப்பிடும் அதே நம்பர்தான், அதே பாட்டுத்தான். பாட்டு முடிந்து வந்த தம்பி, போனை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார். நான் கம்பெனி ஆள் என்றேன். அப்படியானால் என் போனையும் ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்.

கடைசியில் கம்பெனிக்குத் துரோகமாக ஒரு காரியம் செய்தேன். "பேசாம வேற கம்பெனிக்கு நம்பர மாத்திக்குங்க சார்" என்று தாழ்ந்த குரலில் சொன்னேன்.

முனிரத்தினம் அதையும் யோசித்து வைத்திருந்தார். "மாறச்சொல்ல நடுவுல கொஞ்ச நேரம் நம்பர் செத்துப் போவுமாமே. அந்த கேப்புல கூப்ட்டா?"

சிம் கார்டு பழசாக இருக்குமோ என்று ஒரு நாள் மாற்றிக் கொடுத்தேன். புது சிம் வேலை செய்ய ஆரம்பிக்கும் வரைக்கும் அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்க்கச் சகிக்காமல் நானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அங்கே இந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம், அதுவரை என் நம்பருக்குக் கூப்பிடும்படிக் கேட்டேன்.

"ரெண்டாவது நம்பர்னு ஒண்ணு இருக்கேம்மா, அவர் ஒய்ஃப் நம்பர். அதுவும் கிடைக்கலையே" என்றார் அவர்.

முனிரத்தினத்தின் மனைவி கோமளாவுக்குச் சிப்காட்டில் பேக்கிங் வேலை. அவர்கள் கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் அதற்கும் சிக்னல் இல்லை.

"அத எடுத்துட்டு என் நம்பரப் போட்டுக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் இருப்பது கவரப்பேட்டை. எனக்குப் போன் வந்தால் நான் ஆட்டோ பிடித்து ஆரம்பாக்கம் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அதற்குள் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அன்றிலிருந்து தெரியாத நம்பர் எதையும் நான் கட் செய்ய முடியாமல் போனது. எனக்கு அரை கிரவுண்டு நிலம் விற்கப் பார்த்தவர்கள், கிரெடிட் கார்டு தரத் துடித்தவர்கள், எங்கள் கம்பெனியிலிருந்தே காலர் ட்யூன் வைத்துக்கொள்ளச் சொன்னவர்கள் எல்லோரிடமும் பேசினேன். கம்பெனி இவ்வளவு கூப்பிடுகிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

3. ஏரிப் படம்

நெட்வொர்க் டீமில் எங்கள் பக்கத்தைப் பார்க்கிற ஃபீல்டு இன்ஜினியரின் நம்பரைப் பிடித்தேன். பெயர் கார்த்திக். சின்ன வயது.

"மேடம், அந்த லொக்கேஷனுக்கு காலைல ஆறு மணிக்கே, அவர் வீட்ல இருக்கற நேரமாப் பாத்து, நானே போய்ட்டு வந்தேன். எனக்கு ஃபுல் சிக்னல். வீடியோவே ஓடுச்சு. உங்க கஸ்டமருக்கு அங்கிருந்தே அடிச்சேன், அவருதான் நாட் ரீச்சபிள்."

"நீங்க எங்க தம்பி நின்னீங்க?"

"ஏரிக்கரைல. போட்டோ அனுப்பறேன்."

அனுப்பினார். ஏரி இருந்தது. மேலே கோடு கோடாகச் சிக்னல் இருந்தது. நான் நம்பவில்லை.

"ஏரி எல்லா ஊர்லயும் இருக்கு தம்பி."

"மேடம், நான் ஏன் மேடம் பொய் சொல்லப் போறேன்?" அவர் குரலில் வருத்தம் தெரிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு எங்கிருந்தோ ஒரு ஏரியைப் பிடித்து அனுப்பியிருக்கிறார் என்றே முடிவு கட்டினேன்.

முனிரத்தினத்திடம் சொன்னேன். "இன்ஜினியர் உங்க ஏரிக்கரைல ஃபுல் சிக்னல்னு சொல்றாரு."

அவர் முகம் மாறியது. முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "அப்ப நா இன்னா மேடம், பொய் சொல்லிகினு அலையறனா? டயாலிசிஸ் பண்ணிகினு வந்து தல சுத்துது, ஊட்ல போய்ப் படுக்க முடியாம டேசன்ல உக்காந்துகினு கீறேனே, பொழுது போவாமலா?"

ஷோரூமில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உடனே அடங்கி, "மன்ச்சிக்குங்க மேடம்" என்றார். அந்த மன்னிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

முனிரத்தினத்தின் வீட்டுக்கே நேரில் போய்ப் பார்க்க பிரசன்னா சாரிடம் ஒரு நாள் கேட்டேன். "ஃபீல்டு உங்க ரோல் இல்லமா" என்றார். சரி என்று எனக்கு வார விடுமுறை விழும் நாளில் கிளம்பினேன். விடுமுறை நாளில் என் ரோல் என்ன என்று கம்பெனி எதிலும் எழுதவில்லை.

4. சேகர் செட்டிங்

ஆரம்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஏரிக்கரையில் ஆட்டோ திரும்பியதும் போட்டோவில் பார்த்த அதே ஏரி. அதே மின்கம்பம். கார்த்திக் பொய் சொல்லவில்லை.

முனிரத்தினம் எனக்காக அன்று ஸ்டேஷனுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். கோமளாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட் என்பதால் அவரும் இருந்தார். "நாஷ்டா துன்னீங்களாக்கா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இட்லித் தட்டைக் கையில் கொடுத்தார்.

இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது என் பையிலிருந்த போன் அடித்தது. லோன் வேணுமா என்று ஒரு பெண். வழக்கம்போலப் பேசி வைத்தேன். வைத்த பிறகு கோமளா என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

"யக்கா, உங்க போன் இங்க எப்பிடி அடிச்சிச்சி?"

பார்த்தேன். என் போனில் நிறையக் கோடுகள். கூடவே தெலுங்கில் ஒரு மெசேஜ் வந்திருந்தது. எனக்குத் தெலுங்கு பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. ஆனால் ஆந்திராவுக்கு வரவேற்கிறார்கள் என்று ஊகித்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆந்திரா டவரைப் பிடித்திருக்கிறது. அதுவும் எங்கள் கம்பெனி டவர்தான். நான் உட்கார்ந்திருந்த பாயிலேயே முனிரத்தினத்தின் போன் ஒரு கோடு கூட இல்லாமல் கிடந்தது. ஒரே கம்பெனி, ஒரே பாய்.

அவர் போனை எடுத்து செட்டிங்கைத் திறந்தேன். நெட்வொர்க்கைத் தானாகப் பிடிக்கும் வசதி அணைக்கப்பட்டு, தமிழ்நாடு டவரை மட்டும் பிடிக்கும்படிப் பூட்டப்பட்டிருந்தது. தமிழ்நாடு டவர் தூரத்தில். ஸ்டேஷன் வரை எட்டும், ஏரி தாண்டாது. கோமளா போனும் அப்படியே.

"யார் இத இப்படிப் பண்ணது?"

"எங்கண்ணன்தான்" என்றார் கோமளா சாதாரணமாக. "இங்க யாரு போன் வாங்கினாலும் மொதல்ல சேகரண்ணங்கிட்ட குட்த்து செட்டிங் பண்ணிப்பாங்க. அப்பறந்தான் சாமி படமே வெப்பாங்க. இல்லன்னா ஆந்திரா டவர் புடிச்சிகினு டப்பு பூடும்ல?"

எனக்குப் புரிந்தது. முன்பெல்லாம் அடுத்த மாநில டவரைப் பிடித்தால் ரோமிங் என்று தனியாகக் காசு பிடிப்பார்கள். வருகிற போனை எடுத்தாலே போகும். வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தவருக்கு ஆந்திராவில் சுற்றியதாகக் காசு போயிருக்கிறது. அதனால் எல்லையோர ஊர்களில் போனைப் பூட்டி வைப்பது வழக்கமாகிவிட்டது. பிறகு கம்பெனிகள் ரோமிங் கட்டணத்தையே நீக்கிவிட்டன. நீக்கி வருடக்கணக்காகிறது. வழக்கம் மட்டும் போகவில்லை. காசு இல்லை என்று நாங்கள் மெசேஜ் அனுப்பினோம். ஆங்கிலத்தில், சிக்னல் இல்லாத போன்களுக்கு.

கார்த்திக் வந்து நின்றபோது அவர் போன் தானாக ஆந்திரா டவரைப் பிடித்தது. ஃபுல் சிக்னல் என்றார். அது நிஜம். முனிரத்தினம் சிக்னலே இல்லை என்றார். அதுவும் நிஜம். ஷோரூமுக்கு வந்தால் எதிரே தமிழ்நாடு டவர், எனக்கு எதுவும் தெரியவில்லை. யாருமே பொய் சொல்லாமல் ஒரு மனிதர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பூட்டை எடுக்கப் போனேன். முனிரத்தினம் தயங்கினார். சேகரை அழைத்து வந்தார்கள். பஞ்சர் கடை வைத்திருக்கும் ஆள், கையெல்லாம் கிரீஸ்.

"ஆட்டோமேட்டிக்ல போடாதீங்கக்கா. ஆந்திரா டவர்காரன் காசு புடிச்சிப்பான்."

"இப்ப காசு இல்லண்ணா. எங்க போனாலும் ஒரே ரீசார்ஜ் பேக்குதான்."

"நீங்க கம்பெனி ஆளு. அப்பிடித்தான் சொல்லுவீங்க."

இருபது வருடமாகக் கம்பெனி சொன்ன எல்லாவற்றையும் நானே இவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதில் எது நிஜம், எது ஸ்கீம் என்று எனக்கே சில சமயம் தெரியாது. அதனால் அவர் மேல் கோபம் வரவில்லை.

"சேகரண்ணா, உங்க மச்சானுக்கு இந்த போன் அடிக்கணும். அதுக்குக் காசு போனாலும் பரவாயில்லைன்னா தொறங்க. போச்சுன்னா ஷோரூமுக்கு வந்து என்னக் கேளுங்க."

சேகர் தன் மச்சானின் வீங்கிய கால்களைப் பார்த்தார். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, தானே பூட்டிய பூட்டைத் தானே எடுத்தார். போன் சற்று நேரம் தேடியது. பிறகு கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. தெலுங்கு மெசேஜ் வந்தது.

என் போனிலிருந்து கூப்பிட்டேன். அடித்தது. முனிரத்தினம் எடுக்காமல் அது அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுய்யா!" என்று கோமளா கத்தினார்.

காலனியில் மற்றவர்கள் மறுநாள் வரை பொறுத்துப் பார்த்தார்கள். முனிரத்தினத்தின் போனில் காசு எதுவும் போகவில்லை என்று உறுதியான பிறகுதான் ஒவ்வொருவராகச் சேகரிடம் போனார்களாம்.

5. வருகிற கால் எல்லாம்

அதன் பிறகு முனிரத்தினம் வீட்டில் படுத்து ஓய்வெடுத்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் போன் அடிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் ரீசார்ஜுக்கு ஷோரூம் வந்திருந்தபோது அவர் பேசுவதைக் கேட்டேன்.

"சொல்லும்மா... லோனா? வேணாம்மா... இல்லம்மா, பிசினஸ் இன்னும் ஆரம்பிக்கல... கோச்சிக்காத, வேற ஒரு கால் வரணும், லைன வுட்டுடறியா?"

முதல் மணியிலேயே எடுப்பார். ஒவ்வொருவரிடமும் மரியாதையாகப் பேசி அனுப்புவார். திட்டினால் அந்தக் கோபத்தில் கை தவறி அடுத்த காலைக் கட் செய்துவிடுவோமோ என்று பயம். விளம்பர கால்களை நிறுத்தும் வசதி இருக்கிறது என்றேன்.

"அதுல ஆஸ்பத்திரியும் மாட்டிகினா?"

மாட்டாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கள் கம்பெனியை நினைத்துக்கொண்டு மூடிவிட்டேன். பேசும்போது இன்னொரு கால் வந்தால் தெரிகிற மாதிரி மட்டும் வைத்துக் கொடுத்தேன்.

அதற்கிடையில் நான் ஒரு புது டிக்கெட் போட்டேன். நடந்ததை முழுவதும் எழுதி, எல்லையோர வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் இதைத் தமிழில் சொல்லும்படிக் கேட்டேன். முனிரத்தினத்தின் நம்பரில் போட்டதால் கம்பெனி அதையும் அவருடைய புகாராகவே எடுத்துக்கொண்டது. கார்த்திக்குக்கும் போன் செய்து, ஏரியைப் பற்றி நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், எனக்கு இதெல்லாம் பழக்கம்" என்றார். பாவமாக இருந்தது.

6. மறுபடியும் மூடியது

ஒரு நாள் பிற்பகல் ஷோரூமில் கூட்டம் இல்லை. கம்ப்யூட்டரில் அந்த டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன். மூடியிருந்தது. காரணம்: வாடிக்கையாளரைத் தொடர்பு கொள்ள இயலவில்லை.

சேகர் பயந்துபோய் மறுபடி பூட்டிவிட்டாரா? முனிரத்தினம் தெரியாமல் எதையாவது அழுத்திவிட்டாரா? அவர் நம்பருக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். அந்த மனிதர் போனை அணைத்து நான் பார்த்ததே இல்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே. கோமளா போன் கேட் லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தும் அடித்தேன், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து என் நம்பருக்கும் எதுவும் வரவில்லை. ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். எதிரே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர், "மேடம், நா இன்னா பண்றது?" என்றார். டோக்கனைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொன்னேன்.

வாசலில் இறங்கும்போது என் போன் அடித்தது. கோமளா.

"யக்கா, ஆஸ்பத்திரில கீறோம்கா. காலீல போன் வந்திச்சி. நா அவருகூடவே வண்டியேறி வந்துட்டேன். அவர உள்ள இட்டுகினு போய்ட்டாங்க. போன ஆஃப் பண்ணி எங்கைல குட்த்துட்டாங்க. இப்பதான் எனுக்குப் பேசவே தோணுச்சி."

நான் அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

"போன் வரசொல்ல செவப்புல எழுதிகினு வந்திச்சிக்கா. ஏமாத்துற காலு, எடுக்காதன்னு. நா கட் பண்ணுய்யான்னேன். அவரு கேக்கல. லோன்காரன் நம்பரெல்லாம் எட்த்தேன், இத்த மட்டும் ஏன் வுடணும்னு எட்த்தாரு."

சிவப்பு எழுத்து எங்கள் கம்பெனி புதிதாகக் கொண்டுவந்த வசதி. சந்தேகமான கால்களை எச்சரிக்கும். அதைப் பற்றி ஷோரூமில் பெரிய போஸ்டர் ஒட்டியிருக்கிறோம். ஒரே நம்பரிலிருந்து நிறையப் பேரைக் கூப்பிட்டால் சந்தேகப்படும். ஆஸ்பத்திரியில் அந்த அம்மா நிறையப் பேரைத்தானே கூப்பிடுவார்.

அழுதுவிட்டேன். வாசலில் நின்ற ஆட்டோக்காரர், "யாருக்கா போய்ட்டாங்க?" என்று கேட்டார். யாரும் போகவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் அந்த டிக்கெட் அப்படியே இருந்தது. மீண்டும் திறக்க வேண்டுமா என்று கீழே கேட்டிருந்தது. வாடிக்கையாளரைத் தொடர்பு கொள்ள இயலவில்லை என்ற வரியை இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சந்தோஷமாகப் படித்துவிட்டு, வேண்டாம் என்று அழுத்தினேன். எல்லையோரத்து மற்றவர்களுக்காகத் தனியாக ஒரு டிக்கெட் போட்டேன், இந்த முறை என் சொந்த நம்பரில். எப்போது கூப்பிட்டாலும் எடுக்கிற ஆள் நான்தானே.

கவுன்ட்டருக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எதிரே நிற்பவர் ஒன்று சொல்வார், கம்ப்யூட்டர் வேறொன்று சொல்லும். இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் குடியிருக்கும் இடத்துக்கு ஒரு தடவை போய், அவர் கொடுப்பதைச் சாப்பிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருங்கள். விடுமுறை நாளில் போங்கள், ப்ராசஸில் அதற்கு இடம் இல்லை.

சில மாதங்கள் கழித்து முனிரத்தினம் ஷோரூமுக்கு வந்தார். முகத்தில் உப்பல் இறங்கி ஆளே வேறு மாதிரி இருந்தார். மாஸ்க் போட்டிருந்தார், கூட்டத்தில் இருக்கக்கூடாது என்பதால் டோக்கன் எடுக்காமல் நேராக வந்தார். நானும் கேட்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. பழக்கத்தில் நான் பேச்சை நிறுத்தினேன். அவர் எடுத்துத் திரையைப் பார்த்தார். கட் செய்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"யாரு?" என்றேன்.

"எவனோ லோன்காரன் மேடம். வேலயத்த பசங்க, பேஜாரு பண்ணிகினு" என்றார்.